ஓட்டோவில் ஏறும் ட்ரம் செட்

கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்கே, பூநகரிப் பிரதேசத்தில் இருக்கிறது ஜெயபுரம். அங்கிருந்து ஒரு கல்யாண வீட்டுக்கு வாசிக்கப் புறப்படும் இசைக்குழுவுக்கு மேடையை விட வழிதான் பெரிய கவலை. ஏ-32 வீதியால் வடக்கே போனால் பூநகரி, அதற்கும் அப்பால் சங்குப்பிட்டிப் பாலம். 288 மீற்றர் நீளமான அந்தப் பாலம் 2011 ஜனவரியில் திறக்கப்பட்ட பிறகு யாழ்ப்பாணம் கிட்டவாகிவிட்டது. தெற்கே முழங்காவில், கிழக்கே அக்கராயன் பக்கமாகக் கிளிநொச்சி. கீபோர்ட்காரர் பெட்டியைத் தோளில் கொழுவிக்கொண்டு பஸ் ஏறலாம். பாடகருக்கு ஒரு கொப்பி போதும். ட்ரம்ஸ்காரர் மட்டும் பட்டா வாகனம் தேடவேண்டும். கைக்கு வரும் காசில் பெரும்பங்கு அந்த வாடகையிலேயே கரைந்துவிடும்.

வன்னியின் பழைய தோற்கருவிகளுக்கு இந்தச் சங்கடம் இருந்ததில்லை. பறையும் தவிலும் தோளில் தொங்கும், உடுக்கு கையில் அடங்கும், கூத்துக்காரரின் மத்தளம் இடுப்போடு வரும். ட்ரம் செட் ஒன்றே வாசிப்பவரை விடப் பெரியதாக நிற்கிறது. அது அப்படி நிற்கத்தான் வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. 50 முதல் 150 பேர் கூடும் சாமத்தியவீடு, பிறந்தநாள், தேவாலயத் திருநாள், வாசிகசாலை விழா போன்றவற்றுக்கு ஓர் ஓட்டோவின் பின் இருக்கையில் அடங்கும் செட்டே போதும். ஒழுங்காகத் தெரிவு செய்தால் சத்தமும் நன்றாகவே இருக்கும்.

முதலில் அளவு நாடா, பிறகுதான் கடை

கடைக்குள் போய் மினுங்கும் நிறத்தைப் பார்த்து வாங்கிவிட்டு, வீட்டு வாசலில் வந்து நின்று "இதை எதில் ஏற்றுவது?" என்று யோசிப்பதுதான் பெரும்பாலானோர் விடும் முதல் பிழை. வேலையைத் தலைகீழாகத் தொடங்குங்கள்.

1. எந்த வாகனத்தில் வழமையாகப் போவீர்கள் என்று தீர்மானியுங்கள். சொந்த வாகனம் இல்லையென்றால் ஊரில் இரவு 11 மணிக்கும் கூப்பிட்டால் வரக்கூடியது எது என்று பாருங்கள். அனேகமாக அது ஓட்டோவாக இருக்கும்.
2. அதன் பின்பக்கக் கதவு வழியின் அகலம், இருக்கையின் அகலம், இருக்கைக்கும் சாரதியின் முதுகுக்கும் இடைப்பட்ட வெளி ஆகிய மூன்றையும் சென்ரிமீற்றரில் எழுதிக்கொள்ளுங்கள்.
3. ட்ரம் அளவுகள் அங்குலத்தில் இருக்கும். 22 அங்குலம் என்றால் ஏறக்குறைய 56 சென்ரிமீற்றர், 20 என்றால் 51, 18 என்றால் 46, 16 என்றால் 41. வளையத்துக்கும் உறைக்குமாக ஒவ்வொன்றோடும் 5 சென்ரிமீற்றர் கூட்டுங்கள்.
4. நீங்களும் அதே ஓட்டோவில் இருந்து போகவேண்டும் என்பதை மறக்கவேண்டாம்.

இந்தக் கணக்கைப் போட்டவுடனேயே 22 அங்குல பேஸ் ட்ரம் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். 20 அங்குலம் சில வண்டிகளில் மட்டும் ஏறும். மிஞ்சுவது 18, 16.

16 அங்குலத்தில் பேஸ் வருமா?

வரும். நியூயோர்க் போன்ற நகரங்களில் சின்னஞ்சிறு மேடைகளில் வாசிப்பவர்களும் இதே கேள்வியோடுதான் இருந்தார்கள். மாடிப்படி, வாடகைக் கார், ஒடுங்கிய மேடை என அவர்களுடைய சிக்கல் வேறு உருவத்தில் இருந்தது. 'த ரூட்ஸ்' குழுவின் ட்ரம்மர் குவெஸ்ட்லவ்வோடு சேர்ந்து லட்விக் நிறுவனம் 2013இல் 'பிரேக்பீட்ஸ்' என்ற செட்டை வெளியிட்டது. பேஸ் 16 அங்குலம், டொம் 10, ஃப்ளோர் டொம் 13, ஸ்னெயர் 14. கூடவே உறைகளும் வந்தன. அந்த உறைகளை ட்ரம்மின் மேலே போட்டால் சத்தம் அடங்கும், வீட்டில் பயிற்சி செய்யலாம்.

இந்த வழியில் லட்விக் தனியாகவும் இல்லை, முதலாவதாகவும் இல்லை. 1960களில் மைல்ஸ் டேவிஸ் குழுவில் வாசித்த டோனி வில்லியம்ஸ் 18 அங்குல பேஸ் ட்ரம்மோடுதான் உலகப் புகழ் பெற்றார். இன்று பேர்ல் நிறுவனத்தின் 'மிட்டவுன்' 16 அங்குலத்திலும், கிரெட்சின் 'கட்டலினா கிளப்' 18 அங்குலத்திலும் கிடைக்கின்றன. யமஹா 'ஸ்டேஜ் கஸ்டம் ஹிப்' வேறு பாதையில் போனது. விட்டத்தை 20 அங்குலமாகவே வைத்துக்கொண்டு ஆழத்தை 8 அங்குலத்துக்குக் குறைத்துவிட்டது. நெட்டையான பானையைத் தட்டையான தாச்சியாக்கியது போல. ஓட்டோவில் சாரதியின் முதுகுக்குப் பின்னால் நிமிர்த்தி வைக்க இந்த வடிவம் நன்றாக உதவும்.

சின்ன பேஸ் ட்ரம்மில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெடலின் அடிமுனை வழமையான ட்ரம்மின் நடுவில் படுமாறு செய்யப்பட்டது. 16 அங்குல ட்ரம்மை நிலத்தில் வைத்தால் அடி நடுவுக்கு மேலே, வளையத்துக்குக் கிட்டப் படும், சத்தம் சப்பென்றிருக்கும். அதனால் ட்ரம்மை நிலத்திலிருந்து தூக்கிப் பிடிக்கும் இரும்புத் தாங்கி ஒன்று கட்டாயம் வேண்டும். பிரேக்பீட்ஸோடு அது சேர்ந்தே வருகிறது. பழைய செட் வாங்கும்போது தாங்கி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். தனியாகத் தேடிப் பிடிப்பது சிரமம்.

சத்தத்தை ஆழமாக்கும் முறை:

1. பழைய தோலைக் கழற்றி ஓரத்தைத் துடைத்துவிட்டுப் புதிய தோலைப் போட்டு, எல்லாத் திருகுகளையும் விரலால் மட்டும் இறுக்குங்கள்.
2. நடுவில் உள்ளங்கையால் அமர்த்திக்கொண்டு, எதிரெதிர்த் திருகுகளை அரைச்சுற்று வீதம் இறுக்குங்கள். சுருக்கங்கள் மறைந்ததும் நிறுத்துங்கள்.
3. அடிபடும் பக்கத்துக்கு இவ்வளவும் போதும். முன்பக்கத் தோலைக் கால் சுற்றுக் கூடுதலாக இறுக்குங்கள்.
4. உள்ளே ஒரு சின்னத் துவாயை மடித்து, இரண்டு தோலையும் சற்றே தொடுமாறு வையுங்கள். தலையணையைத் திணிக்கவேண்டாம். 22 அங்குலத்துக்குப் பொருந்தும் தலையணை 16 அங்குலத்தின் குரல்வளையை நெரித்துவிடும்.
5. முன்தோலில் ஓட்டை போடுவதை ஒத்திப்போடுங்கள். உள்ளே மைக் வைக்கும் குழுவுக்குத்தான் அது தேவை. மைக் இல்லாத பந்தலில் ஓட்டை போட்டால் அடிக்குரல் குறைந்து 'டக்' மட்டும் மிஞ்சும்.

எத்தனை ட்ரம்?

பேஸ், ஸ்னெயர், ஒரு ஃப்ளோர் டொம். சிம்பலில் ஹைஹட் ஒரு சோடி, கிராஷாகவும் ரைடாகவும் பாவிக்கக்கூடிய 18 அங்குலத் தட்டு ஒன்று. இதோடு ஒரு பிறந்தநாள் விழாவில் மூன்று மணி நேரம் தாராளமாக வாசிக்கலாம். பத்து அங்குல டொம் இருந்தால் நல்லது, இல்லையென்றால் எவரும் கேட்கப்போவதில்லை. ட்ரம்ஸ் கலைஞர் சிவமணி தண்ணீர்க் கானிலும் சூட்கேசிலும் வாசித்துச் சபையைக் கட்டிப்போட்டதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

காசை எங்கே போடுவது

2022இன் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாய். அதே ஆண்டு மே மாதத்தில் அது 360ஐத் தொட்டது. 400 டொலர் பெறுமதியான ஒரு செட் 80,000 ரூபாயிலிருந்து 144,000 ரூபாய்க்கு ஏறியது, கப்பல் கூலியும் வரியும் வேறு. அந்த அதிர்ச்சிக்குப் பிறகு பழைய செட்டைத் திருத்தி எடுப்பதுதான் வடக்கில் வாசிக்கத் தொடங்கும் இளைஞருக்குக் கைக்கெட்டும் வழி.

மலிவான செட்டில் மர உருளைகளை விட இரும்புப் பாகங்களும் சிம்பல்களும்தான் முதலில் காலை வாரும். நல்ல தோல் போட்டு ஒழுங்காகச் சுருதி சேர்த்தால் சாதாரண பொப்லர் மர உருளைகூட ஒரு சிறு மண்டபத்தில் கம்பீரமாகப் பேசும். மோசமான சிம்பலை எந்தச் சுருதியாலும் திருத்த முடியாது. ஆரம்பச் செட்டுகளோடு இலவசமாக வரும் தட்டுகள் பெரும்பாலும் பித்தளை. அடித்தால் பானை மூடி விழுந்த சத்தம். வெண்கலச் சிம்பல்களில் 8 வீதம் வெள்ளீயம் கலந்தவை ஒரு வகை, 20 வீதம் கலந்தவை இன்னொரு வகை. முதல் வகை விலை குறைவு, கூர்மையான ஒலி. சிறு நிகழ்ச்சிக்கு அது போதும்.

ஆகவே செலவழிக்கும் ஒழுங்கு இப்படி இருக்கட்டும்: முதலில் ஹைஹட் சிம்பல், அடுத்தது பேஸ் பெடல், பிறகு இருக்கை, பிறகு தோல்கள், கடைசியாகத்தான் உருளைகள். இருக்கையைப் பலர் அசட்டை செய்கிறார்கள். பிளாஸ்டிக் கதிரையில் இருந்து வாசித்தால் தொடை மேலேறி, முதுகு வளைந்து, நாலு மணி நேரத்தில் நாரி கடுக்கும். உயரம் கூட்டிக் குறைக்கக்கூடிய வட்ட இருக்கையே வேண்டும். இடுப்பு முழங்காலை விடச் சற்று உயர்ந்திருக்கும்படி வைத்துக்கொண்டால் கால் இலகுவாக அசையும்.

ஸ்டாண்ட் வாங்கும்போது பாரத்தைக் கையால் தூக்கிப் பாருங்கள். இரட்டைக் கால் கொண்ட பாரமான ஸ்டாண்டுகள் பெரிய மேடைக்கானவை. யமஹாவின் 'குரொஸ்டவுன்' போன்ற அலுமினியத் தொகுதியில் ஸ்னெயர், ஹைஹட், இரண்டு சிம்பல் ஸ்டாண்டுகள் எல்லாம் சேர்ந்தே ஏறக்குறைய 8 கிலோ. அது விலை கூடியது. ஒற்றைக் கால் கொண்ட பழைய ஸ்டாண்டுகள் குறைந்த விலையில் அதே வேலையைச் செய்யும். மெல்லியவை என்று பலர் கழித்துவிடுவார்கள், உங்களுக்கு அவைதான் வேண்டும்.

பழைய செட்டைப் பார்க்கப் போகும்போது

பகலில் போங்கள். ஒரு டோர்ச் லைட், ட்ரம் திருகும் சாவி, சொந்தக் குச்சி ஆகியவற்றோடு போங்கள். விற்பவர் வாசித்துக் காட்டும்போது தலையாட்டிவிட்டு வரவேண்டாம்.

1. ஒவ்வொரு உருளையிலும் ஒரு தோலைக் கழற்றச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.
2. தோல் கழற்றிய ஓரத்தைச் சமதளமான மேசையில் கவிழ்த்து, உள்ளே லைட்டைப் போட்டுப் பாருங்கள். ஓரத்துக்கும் மேசைக்கும் இடையில் வெளிச்சம் கசிந்தால் ஓரம் தேய்ந்திருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது. அந்த ட்ரம் சுருதிக்கு வராது.
3. உட்பக்க மரத்தை விரலால் தட்டிக்கொண்டே சுற்றுங்கள். ஓரிடத்தில் சத்தம் மாறினால் ஒட்டுப் பலகை பிரிந்திருக்கலாம். மண் படிந்த மெல்லிய கோடு தெரிந்தால் கறையான். அதை இலவசமாகத் தந்தாலும் வீட்டுக்குள் கொண்டுவரவேண்டாம்.
4. எல்லாத் திருகுகளையும் கையால் கழற்றி மாட்டுங்கள். ஒன்றிரண்டு குறைந்தால் வாங்கிப் போடலாம். உருளையில் இருக்கும் மரை அழிந்திருந்தால் வேலை கூடும்.
5. ஸ்னெயரின் கீழ்க்கம்பியைப் போட்டும் விட்டும் பாருங்கள். நெம்புகோல் தானாக நழுவுகிறதா என்று ஐந்து நிமிடம் பலமாக அடித்துப் பாருங்கள்.
6. சிம்பலின் ஓரத்தை நகத்தால் சுற்றிவர வருடுங்கள். மயிரிழை வெடிப்பும் நகத்தில் தட்டும். நடுத்துளை வட்டமாக இல்லாமல் சாவித்துவாரம் போல நீண்டிருந்தால் அந்தத் தட்டு ரப்பர் குழாய் இல்லாத ஸ்டாண்டில் ஆண்டுக்கணக்காக உராய்ந்திருக்கிறது.
7. பெடலை வெறும் காலோடு மிதியுங்கள். சங்கிலி கிறீச்சிட்டால் எண்ணெய் தீர்க்கும். பக்கவாட்டில் ஆடினால் எண்ணெயால் தீராது.

கிழிந்த தோலைப் பார்த்துப் பயப்படவேண்டாம். 1957 முதல் உலகம் முழுக்கப் பரவிய பிளாஸ்டிக் தோல் மாற்றுவதற்கென்றே செய்யப்பட்டது. அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

ஒக்டோபாட் வாங்கினால் என்ன?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும், நியாயமானதும்கூட. ரோலண்ட் நிறுவனம் 1985இல் எட்டு ரப்பர்த் தட்டுகளோடு முதல் ஒக்டோபாட் மின்கருவியை வெளியிட்டது. இன்று தமிழ் மெல்லிசைக் குழுக்களில் அது இல்லாத மேடை அரிது. ஒரு பையில் அடங்கும். தபேலா, டோலக், கைதட்டல் எல்லாம் அதற்குள் இருக்கும். சினிமாப் பாட்டையே பிரதானமாக வாசிக்கும் குழுவுக்கு அது பொருத்தமான தெரிவு.

ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும், நல்ல ஸ்பீக்கர் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாடெங்கும் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். ஜெனரேற்றர் நின்றுபோன பந்தலில் ஒக்டோபாட் ஒரு ரப்பர்ப் பலகை. தோலும் மரமும் அப்போதும் பேசும். பொம்பிளை மாப்பிள்ளை உள்ளே வரும் நேரத்தில் லைன் போனால், தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டு சபையைக் காப்பாற்றுவது ட்ரம்ஸ்காரர்தான்.

மின்கருவி பாவிப்பவர்கள் கவனிக்கவேண்டியவை:

- ட்ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பிலிருந்து மட்டும் லைன் எடுங்கள். மூன்று கால் பிளக்கின் நில இணைப்பை வெட்டிவிட்டுச் செருகவேண்டாம்.
- ஜெனரேற்றரை மேடைக்குப் பின்னால் அடைத்த கொட்டிலுக்குள் வைக்க விடாதீர்கள். அதன் புகையில் மணமில்லாத நச்சுவாயு இருக்கிறது.
- மழை தூறினால் முதலில் மின்னைத் துண்டியுங்கள், பிறகு கருவியை மூடுங்கள். பதற்றத்தில் பலர் இந்த ஒழுங்கை மாற்றிவிடுவார்கள்.

மூன்றாவது வழியும் உண்டு. பெரு நாட்டின் மரப்பெட்டி வாத்தியமான கஹோன். அதன் மேலேயே இருந்து, முன்பலகையைக் கையால் தட்டுவார்கள். 1970களின் கடைசியில் ஸ்பெயின் கிட்டார்க் கலைஞர் பாக்கோ டி லூசியா அதைத் தன் இசைக்குள் கொண்டுவந்தார். 2001இல் பெரு அதைத் தன் தேசியப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. ஒரு கிட்டார், ஒரு குரல், ஒரு கஹோன் என்றால் மோட்டார் சைக்கிளில் இருவர் போய் வந்துவிடலாம். தேவாலயப் பாட்டுக்கும் வீட்டு முற்றக் கொண்டாட்டத்துக்கும் இது மிக அழகாகப் பொருந்தும். ஒட்டுப் பலகையும் பழைய ஸ்னெயர்க் கம்பியும் இருந்தால் ஊர்த் தச்சரே செய்து தருவார். முன்பலகை மட்டும் மெல்லியதாக இருக்கவேண்டும், மற்றவை தடிப்பாக.

நாலு பொதிக் கணக்கு

முழுச் செட்டும் நாலு பொதிக்குள் வரவேண்டும். அதற்கு மேல் போனால் இரவு திரும்பும்போது ஒன்று பந்தலிலேயே தங்கிவிடும்.

பேஸ் ட்ரம் ஒரு பொதி. ஃப்ளோர் டொம்மும் ஸ்னெயரும் இன்னொன்று. ஸ்டாண்ட், பெடல், தாங்கி எல்லாம் ஒரு நீண்ட பையில். சிம்பல், குச்சி, சின்னச் சாமான்கள் முதுகுப்பையில், அது எப்போதும் உங்களோடு. உறை வாங்கக் காசு போதாவிட்டால் கழுவி உலர்த்திய உரப்பைக்கு உள்ளே பழைய சாரத்தை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்துக்கொள்ளலாம். பேஸ் ட்ரம்மின் முன்தோலைக் கழற்றி டொம்மை உள்ளே அடுக்கும் முறையைச் சிலர் சொல்வார்கள். இடம் மிச்சம், உண்மை. ஆனால் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் மறுபடி சுருதி சேர்க்க நேரம் வேண்டும். சனம் வந்து குந்திய பிறகு அந்த நேரம் கிடைக்காது.

இரும்புப் பையை ஓட்டோவின் தரையில் வையுங்கள், இருக்கையில் வேண்டாம். சடுதியாக பிரேக் பிடித்தால் அது பாய்ந்து சாரதியின் முதுகில்தான் மோதும். இரு பக்கமும் ட்ரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது. ஏ-32இல் இரவில் மாடுகள் குறுக்கே நிற்கும், எதிரே லொறி வரும்.

பந்தலில் இறக்கியதும்

1. நிலத்தைப் பாருங்கள். மணல் என்றால் ஒரு ஒட்டுப் பலகையைப் போட்டு அதன் மேல் விரிப்பைப் போடுங்கள். பலகை இல்லாவிட்டால் பெடல் ஒவ்வொரு அடிக்கும் மணலுக்குள் புதையும். வழுக்கும் மாபிள் தரை என்றால் அடியில் ரப்பர் ஒட்டிய விரிப்பு. பாய் சறுக்கும்.
2. முதலில் இருக்கை, பிறகு பேஸ் ட்ரம்மும் பெடலும், பிறகு ஸ்னெயர், ஹைஹட், டொம், கடைசியாகச் சிம்பல். உங்கள் உடம்பைச் சுற்றிக் கருவியை அடுக்குங்கள். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நடுவில் நுழைய முயன்றால் ஏதாவது ஒன்று எப்போதும் எட்டாத தூரத்தில் இருக்கும்.
3. சரியாக வந்ததும் ஒவ்வொரு காலின் இடத்தையும் விரிப்பில் நிற நாடாவால் அடையாளம் செய்யுங்கள். அடுத்த முறை பத்து நிமிட வேலை.
4. சிம்பல் ஸ்டாண்டின் ஒரு கால் தட்டு தொங்கும் பக்கத்துக்கு நேர் கீழே வரட்டும். சிறுவர்கள் ஓடித் திரியும் வீட்டில் இதைத் தவறவிடக்கூடாது.
5. ஒரு பாட்டை வாசித்துக்கொண்டே கடைசி வரிசையில் நிற்கும் ஒருவரிடம், பாடகரின் சொல் விளங்குகிறதா என்று கேளுங்கள். விளங்காவிட்டால் பாடகரின் மைக்கைக் கூட்டவேண்டாம், தடித்த குச்சியை வைத்துவிட்டு மெல்லிய மூங்கிற் குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய கட்டுக்குச்சியை எடுங்கள்.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுக்கவேண்டியது நிகழ்ச்சி வீட்டார். இருந்தாலும் ட்ரம்ஸ்காரரும் நேரத்தைத் தெரிந்திருக்கவேண்டும். 2007இல் உயர் நீதிமன்றம் இட்ட கட்டளையின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி கிடையாது.

காதையும் காப்பாற்றுங்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை தாங்கலாம் என்பது வேலைத்தளப் பாதுகாப்பில் பரவலாகக் கொள்ளப்படும் அளவு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலை எட்டினால் 15 நிமிடம்தான். அடைத்த மண்டபத்தில் பலமாக வாசிக்கும் ட்ரம்ஸ்காரரின் காதருகே அந்த அளவு சாதாரணமாக வந்துவிடும். நுரையால் செய்த காதடைப்பான் மிக மலிவு. வாசித்து முடித்த இரவில் காதுக்குள் வண்டு ரீங்கரித்தால் அதை வெற்றியின் அடையாளமாக எண்ணவேண்டாம். காது அடிபட்டிருக்கிறது.

மாரியும் கோடையும்

வன்னியில் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மாரி. திருகும் ஸ்டாண்டும் துருவேறும் காலம் அது. நிகழ்ச்சி முடிந்து வந்த இரவே, எவ்வளவு களைப்பானாலும் உறைகளைத் திறந்து வைத்துவிட்டுப் படுங்கள். ஈர உறைக்குள் ஓரிரவு கிடந்தால் போதும், மறுநாள் பூஞ்சணத்தின் மணம் வந்துவிடும். மரைக்குத் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி. தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது பிசுபிசுத்துப் புழுதியைப் பிடித்துவைக்கும். செட்டை நிலத்தில் வைக்காமல் செங்கல் மேல் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கறையான் சுவர் வழியாகத்தான் வரும்.

கோடையில் பூட்டிய வாகனத்துக்குள் மதியம் முழுக்க விட்டுவைக்கக்கூடாது. சூட்டில் பலகை ஒட்டு இளகும், பளபளப்பான மேலுறை கொப்புளம் போட்டுக் கழன்றுவரும்.

முதுகுப்பையில் எப்போதும் இருக்கவேண்டியவை: ட்ரம் சாவி இரண்டு, குச்சி மூன்று சோடி, ஸ்னெயர்க் கம்பியைக் கட்டும் நூல், அகலமான ஒட்டுநாடா, சின்ன டோர்ச், சிம்பலின் கீழே போடும் ரப்பர்க் குழாய்த் துண்டுகள், சிம்பலை இறுக்கும் சிறகு நட்டுகள் நாலு. இந்தக் கடைசிச் சாமான்தான் அடிக்கடி தொலையும். கழற்றியவுடன் ஸ்டாண்டிலேயே திரும்பப் பூட்டிவிட்டுப் பையில் போடுங்கள். பந்தல் மணலில் ஒன்று விழுந்தால் விடிந்த பிறகுதான் தேடிப் பிடிக்கலாம்.